வண்டுணா மலரா?

தமிழ்க் கவிதையில் மலர் பெண்; வண்டு ஆண். மலர் ஓரிடத்தில் காத்து நிற்கிறது. வண்டு எங்கிருந்தோ வருகிறது, தேனைப் பருகுகிறது, அடுத்த மலரைத் தேடிப் பறந்துவிடுகிறது. இன்பம் வண்டுக்கு, ஏமாற்றம் மலருக்கு. கவியரங்கு, சிறுகதை, திரைப்பாட்டு, திருமண வாழ்த்துமடல் என எங்கும் இவ்வுவமையே நூறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தும் இதற்கு விலக்கன்று.

இவ்வுவமையைக் கையாளுவோருள் எத்தனை பேர் ஒரு மலரின் அருகே ஒரு நாழிகை நின்று, அதனை நாடி வருவது எது, எதற்காக வருகிறது, என்ன கொண்டு போகிறது என்று பார்த்திருப்பர்? ஏளனம் செய்வதற்காக இவ்வினா எழுப்பப்படவில்லை. தன் கண்ணால் காணாததைப் பிறர் கையிலிருந்து வாங்கிப் பிறர் கையில் கொடுத்துவரும் எழுத்து, தன் காலடியில் அழிந்துகொண்டிருப்பதையும் காணத் தவறும். இங்கே தொடுக்கப்படும் வழக்கு அதுவே.

சொல்லில் தொடங்கும் மயக்கம்

'வண்டு' என்னும் சொல் தமிழில் பல உயிர்களைத் தாங்கி நிற்கிறது. தேனீயும் வண்டு, மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் கருவண்டும் வண்டு, சிறுவர் தீப்பெட்டியில் அடைத்து வளர்க்கும் பொன்வண்டும் வண்டு, தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டும் வண்டு. இவற்றுள் முன்னிரண்டும் தேனீக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னிரண்டும் கெட்டியான மேற்சிறகைக் கவசமாகப் போர்த்திய உண்மையான வண்டினங்கள். இவ்விரு குலங்களுக்கும் உடலமைப்பிலும் வாயமைப்பிலும் மலரோடு கொள்ளும் உறவிலும் பெரும் வேறுபாடு உண்டு. தேனீ தேனை உறிஞ்சும். கவச வண்டு கடித்து மெல்லும்.

பழந்தமிழ்ப் புலவர் இவ்வளவு அசட்டையாக இருந்தாரல்லர். தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பல பெயர்களை அவர்கள் வழங்கினர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் சாட்சிக்கு அழைப்பது ஒரு தும்பியை. பூக்களின் மணத்தை ஆராய்ந்தறிவதையே வாழ்வாகக் கொண்ட அவ்வுயிரிடம், தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டோ என்று கேட்கப்படுகிறது. பின்னாளில் எழுந்த திருவிளையாடற் கதையோ கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்ற வாதத்திலேயே நின்றுவிட்டது. நக்கீரர் பக்கமும் சிவபெருமான் பக்கமும் பேச இன்றுவரை ஆளுண்டு. சாட்சிக் கூண்டில் நிற்கும் தும்பியின் பக்கம் பேசத்தான் ஒருவரும் இல்லை. மலரின் மணத்தைப் பற்றிய வழக்கில் பூச்சியே நடுவர் என்று கண்ட பழம்புலவரின் நுட்பம் பட்டிமன்ற ஆரவாரத்தில் மறைந்துபோயிற்று.

செண்பகத்திற்கு 'வண்டுணா மலர்' என்றொரு பெயரும் தமிழில் உண்டு. வண்டு உண்ணாத மலர் என்பது அதன் பொருள். இப்பெயரில் ஒரு பாதி உண்மை உண்டு. செண்பகக் குடும்பத்து மலர்களுள் பெரும்பாலானவற்றில் தேன் இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆகவே தேனை நாடும் இனங்களுக்கு அங்கே விருந்தில்லை. மறுபாதியைத்தான் பிற்காலத்தார் பார்க்கவில்லை. அக்குடும்பத்து மலர்களின் தொன்மையான துணைவர்கள் சின்னஞ்சிறு கவச வண்டுகள். அவை தேனை எதிர்பார்த்து வருவதில்லை. மகரந்தத்தையும் இதழின் சதையையும் மெல்லவே வருகின்றன. அவ்வாறு வருவோரின் தாடையைத் தாங்கும் தடித்த இதழ்களும் வலிய சூலகங்களும் அம்மலருக்கு அமைந்துள்ளன. வண்டுணா மலர் எனப்பட்டது உண்மையில் வண்டுகளின் மலரே.

மணம் என்னும் அழைப்பு

மலருக்கும் கவச வண்டுக்கும் இடையிலான உறவு மிகப் பழையது. வடமியன்மாரில் கிடைத்த மரப்பிசின் கட்டியொன்றில் ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுகளுக்கு முந்திய வண்டு ஒன்று, உடலில் அறுபதுக்கும் மேற்பட்ட மகரந்தத் துகள்களோடு அகப்பட்டிருப்பதை 2019ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். மனிதன் முதற்பூவை முகர்ந்ததற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இவ்வுறவு நிலைபெற்றுவிட்டது. 'யாருக்காக மலர்ந்தாய்?' என்று மலரைக் கேட்கும் கவிஞருக்கு அப்பிசின் கட்டியே விடை.

கவச வண்டு பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் நடமாடுவது. தேனீயைப்போல் லாவகமாகப் பறக்கவும் அதற்கு இயலாது. தொலைவிலிருந்து அதனை வழிநடத்துவது அதன் உணர்கொம்புகள் பற்றிக்கொள்ளும் மணமே. ஆதலால் இவ்வகை மலர்கள் நுட்பமான மணத்தைத் தூவுவதில்லை; அடர்ந்த, கனத்த மணத்தை வெளிவிடுகின்றன. கனிந்த பழத்தின் வாடை, நொதிக்கும் கள்ளின் வாடை, மசாலாவின் காரவாடை, அழுகிய ஊனின் நாற்றம் என அவை பல தரப்படும்.

மனோரஞ்சிதத்தை எடுத்துக்கொள்ளலாம். நினைத்த கனியின் மணத்தைத் தரும் பூ என்பது அதனைப் பற்றிய வழக்கு. இளம்பருவத்தில் இலையோடு இலையாகப் பச்சையாய் ஒளிந்திருக்கும் அப்பூ, முதிர்ந்து மஞ்சளாகும்போது கனிவாடையை வீசுகிறது. விழுந்து நொதிக்கும் பழங்களை நாடும் சிறு வண்டுகள் அவ்வாடையை நம்பி வந்து, இதழ்கள் கூடி அமைத்த சிற்றறைக்குள் புகுகின்றன. மனிதர் கற்பனையென்று எண்ணிய வழக்கிற்கு அடியில் ஓர் இயற்கை உண்மை இருந்திருக்கிறது. அப்பூ பழத்தைப்போல் மணப்பது தற்செயலன்று. பழமென்று வண்டை எண்ணவைப்பதே அதன் தொழில்.

தேக்கா சந்தையில் சேனைக்கிழங்கு வாங்கிச் செல்வோர் பலர். அதன் பூவைக் கண்டோர் சிலரே. இலையில்லாத வெறுமண்ணிலிருந்து கருஞ்சிவப்பாய்க் கிளம்பும் அப்பூவின் நாற்றம், செத்த விலங்கு எங்கோ கிடக்கிறதோ என்று அக்கம்பக்கத்தாரைத் தேடவைக்கும். மூக்கைப் பொத்திக்கொள்ளும் மனிதன் 'இதுவும் ஒரு பூவா?' என்கிறான். அழுகலில் முட்டையிடும் வண்டுகளுக்கோ அதுவே அழைப்பு. நறுமணம், துர்நாற்றம் என்னும் பாகுபாடு மூக்குக்கு உரியது, மலருக்கு உரியதன்று.

தாமரை மணத்தோடு வெப்பத்தையும் சேர்க்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத் தாவரவியல் பூங்காவில் ரோஜர் சீமோர், பால் ஷுல்ட்சே-மோட்டல் ஆகிய இருவர் செய்த ஆய்வு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுற்றுக் காற்று 10 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தபோதும் தாமரைப் பூ தன் வெப்பத்தை 30 முதல் 36 பாகைவரை காத்துக்கொண்டது என அவர்கள் அளந்து காட்டினர். வெப்பத்தின் ஊற்று பெரும்பாலும் நடுவிலுள்ள பொகுட்டு. வெப்பம் மணத்தைப் பரப்பவும், உள்ளே இரவைக் கழிக்கும் வண்டுகளின் உடலை இளஞ்சூடாய் வைத்திருக்கவும் உதவும் என்பது அவர்கள் கருத்து. கூம்பும் தாமரைக்குள் வண்டு சிறைப்படுவதைப் பழம்புலவர் கண்டிருந்தனர். பிற்காலத்தார் அக்காட்சியிலிருந்து பேராசை கெடுக்கும் என்னும் நீதியைப் பிழிந்தெடுத்துக்கொண்டு பூவை விட்டுவிட்டனர்.

கண்ணுக்கு விடுக்கும் குறிப்பு

மணம் தொலைவிலிருந்து அழைக்க, அருகில் வந்த வண்டுக்கு இடத்தைக் காட்டுவது நிறமும் வடிவமும். கவச வண்டுகளுள் பெரும்பாலானவற்றின் கண்ணுக்குச் செந்நிறம் புலப்படாது. புற ஊதா, நீலம், பச்சை ஒளிகளே புலப்படும். இருளில் வருவோருக்கு வண்ணக்கோலம் பயன்படாது. இலையிருட்டிலிருந்து பிரிந்து தெரியும் வெண்மையோ வெளிர்மஞ்சளோ போதும். வண்டுப் பூக்கள் பலவும் வெளிறியோ மங்கியோ இருப்பதன் காரணம் இது. அவை அகன்ற கிண்ணமாய் விரிந்திருப்பதும் பறப்பில் திறமை குறைந்த விருந்தினர் இறங்குவதற்கே.

இதற்கு விலக்கும் உண்டு. மத்தியதரைக் கடலின் கீழ்க்கரை நாடுகளில் இளவேனிலில் பூக்கும் பாப்பி போன்ற செங்கிண்ணப் பூக்களைப் பகலில் நடமாடும் ஒருவகை மயிரடர்ந்த வண்டுகள் நாடுகின்றன. 1990ஆம் ஆண்டில் அமோஸ் டாஃப்னியும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், மணமே இல்லாத செந்நிறக் கிண்ணங்களை வைத்தபோதும் அவ்வண்டுகள் தேடி வந்தன. ஆகவே 'வண்டுக்கு மணமே போதும்' என்றோ 'நிறமே போதும்' என்றோ ஒரு விதி செய்துவிட முடியாது. எந்த நிலத்தில், எந்த வேளையில், எந்த வண்டு என்று பார்த்தே சொல்லவேண்டும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த தமிழ் இலக்கணத்திற்கு இது புதிய பாடமன்று.

செம்பனைத் தோட்டத்துச் சான்று

இவையெல்லாம் பூந்தோட்டத்துப் பொழுதுபோக்கு என்று தள்ளுவோர் செம்பனையின் வரலாற்றை அறிதல் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனை 1870களில் சிங்கப்பூர்ப் பூமலை வழியாகவே மலாயாவை அடைந்தது. அழகுக்காக நடப்பட்ட அம்மரம், 1917ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராயிற்று. மரம் வந்தது, அதன் வண்டு வரவில்லை.

செம்பனையின் மகரந்தத்தைக் காற்று கொண்டுசெல்கிறது என்றே வல்லுநர் நெடுங்காலம் எண்ணினர். காற்றோ போதவில்லை, காய்ப்பு குறைந்தது. குறையை நிரப்ப மனிதக் கைகள் ஏவப்பட்டன. மகரந்தத்தைச் சேர்த்து, டால்கம் மாவோடு கலந்து, மரம் மரமாய்ச் சென்று, மட்டைகளின் முள்ளுக்கு இடையே மறைந்திருக்கும் பெண்பூங்குலைகளின்மீது ஊதித் தூவுவது தோட்டத் தொழிலாளரின் வேலையாயிற்று. தீவகற்ப மலேசியத் தோட்டத் தொழிலாளருள் தமிழர் பெரும்பகுதியினராய் இருந்த காலம் அது. எள்ளளவே உள்ள ஒரு வண்டு கூலியின்றிச் செய்யும் பணியைக் கூலிக்குச் செய்த கைகளில் தமிழர் கைகளும் இருந்தன.

காமரூனில் பணியாற்றியிருந்த தோட்ட நிருவாகி லெஸ்லி டேவிட்சன் அங்கே பூக்களை மொய்க்கும் பூச்சிகளைக் கண்டு ஐயுற்றார். அவ்வையத்தைப் பூச்சியியலாளர் ரகுமான் அன்வர் சையது ஆராய்ந்து மெய்ப்பித்தார். ஆண்பூங்குலை சோம்பின் மணத்தை வீசுகிறது. அம்மணத்தை நுகர்ந்து வரும் கூன்வண்டுகள் மகரந்தத்தை உண்டு, உதிரும் ஆண்பூக்களிலேயே முட்டையிட்டுப் பெருகுகின்றன. பெண்பூங்குலையில் அவற்றுக்கு உணவும் இல்லை. முட்டையிட இடமும் இல்லை. ஆயினும் அது அதே சோம்பு மணத்தைச் சிறிது சிறிதாக விட்டுவிட்டு வெளியிடுகிறது. ஆண்பூவென்று மயங்கி வரும் வண்டு, உடலில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது.

தக்க சோதனைகளுக்குப் பின் 1981ஆம் ஆண்டில் அக்கூன்வண்டுகள் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டன. விரைவில் அவை தீவகற்பமெங்கும் பரவின, காய்ப்பு உயர்ந்தது, மகரந்தம் தூவும் வேலை தேவையற்றுப் போயிற்று. அதே 1981ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர் வாண்டா மிஸ் ஜோக்கிம் மலரைத் தேசிய மலராக அறிவித்தது. பாலத்தின் இக்கரையில் ஒரு பூ முத்திரையில் ஏறியது. அக்கரையில் ஒரு பூ தன் வண்டைத் திரும்பப் பெற்றது. முதற்செய்தியைச் சிங்கப்பூர்ப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இரண்டாவதைத் தமிழ் எழுத்தாளரேனும் அறிந்திருக்கவேண்டாவா? பால்மரத்தையும் பால்வெட்டுக் கத்தியையும் பாடிய தமிழ், மகரந்தம் தூவிய கைகளுக்கு இன்னும் கடன்பட்டே நிற்கிறது.

மலர் ஏமாறுவது, வண்டு ஏமாற்றுவது என்னும் உவமையின் நிலையையும் இங்கே கருதுக. செம்பனையில் ஏமாற்றுவது பூ, ஏமாறுவது வண்டு. மனோரஞ்சிதம் பொய் சொல்லி அழைக்கிறது. தாமரை விருந்தினரைக் கதவடைத்து வைத்துக்கொள்கிறது. அழைப்பதும் தெரிந்தெடுப்பதும் நேரம் குறிப்பதும் மலரின் செயல்கள். வாய்மூடிக் காத்திருக்கும் பேதையாக மலரைப் படைத்து, அம்மலராகப் பெண்ணைப் படைத்து, 'வண்டு அப்படித்தான்' என்று ஆணுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதித் தந்த உவமை இயற்கையிலிருந்து பிறந்ததன்று. ஆண்களின் வசதியிலிருந்து பிறந்து இயற்கையின் கையொப்பத்தைப் போலியாக இட்டுக்கொண்டது அது.

தூய்மையின் பெயரால்

இனி நகரத்தைக் காண்போம். 1819ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூர் தன் இயற்கைக் காட்டில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இழந்துள்ளது. எஞ்சிய காட்டைக் காக்கவும் சாலையோரங்களைப் பசுமையாக்கவும் அரசு எடுத்த முயற்சிகள் உலகம் போற்றுவன. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய பத்து இலட்சம் மரம் நடும் இயக்கம் அவற்றுள் ஒன்று. ஆயின் மரம் நடுவதும் மரத்தின் உறவினரை வாழவிடுவதும் ஒன்றல்ல. பூவை உண்ணும் வண்டுகள் பலவற்றின் புழுப்பருவம் உளுத்த மரத்திலும் மக்கிய இலைக்குவியலிலும் கழிகிறது. விழுந்த இலையைப் பொழுது புலருமுன் வாரிவிடும் நகரம், மலரின் விருந்தினரைத் தொட்டிலிலேயே வாரிவிடுகிறது.

கொசுப்புகை இதனினும் கொடிது. டெங்கி விளையாட்டன்று, 2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர். 'குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது வண்டுக்காக அழுவதா?' என்று கேட்பவரின் கேள்வியில் நியாயம் உண்டு. விடையும் உண்டு. புகை, தன்மீது படும் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தேங்கிய நீரில் நெளியும் புழுவை அது தீண்டாது. ஆனால் வழியில் அகப்படும் தேனீயையும் வண்டையும் தட்டானையும் விடாது. நோய் பரவிய இடத்தில் தேவையறிந்து புகையடிப்பது வேறு. அழகுக்காகவும் மனநிறைவுக்காகவும் வாடிக்கையாக அடிப்பது வேறு. பின்னதை அரசின் சுற்றுப்புற அமைப்பே ஊக்குவிப்பதில்லை. நீர் தேங்காமற் பார்ப்பதே முதல் மருந்து என்று அது கூறுகிறது. 2016ஆம் ஆண்டு முதல் வொல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய ஆண்கொசுக்களை விட்டு, ஏடிஸ் இனத்தை மட்டுமே குறைக்கும் முறையும் இங்கே கையாளப்பட்டு வருகிறது. ஒரு பகைவனை அடையாளம் கண்டு வெல்லும் வழி இருக்கும்போது, ஊரையே புகையில் மூழ்கடிப்பது அறிவுடைமை ஆகாது.

பூக்கடைகளும் ஒரு பாடம் சொல்கின்றன. பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் தொடுக்கப்படும் மல்லிகை, எங்கோ அரும்பாகவே பறிக்கப்பட்டு இங்கே வந்து விரிவது. அந்துப்பூச்சியை அழைக்கவேண்டிய அதன் இரவு மணம் கூந்தலிலும் திருவுருவத்திலும் கரைந்து முடிகிறது. அதில் குற்றமில்லை, பூச்சூடுவதும் பூசனை செய்வதும் தமிழர் வாழ்வின் அழகுகள். ஆனால் அறுத்த பூவை மட்டுமே அறிந்த தலைமுறைக்கு, பூ என்பது மாலையின் ஓர் உறுப்பாகவே தோன்றும். வீவக அடுக்குமாடியில் வளரும் தமிழ்ச் சிறுமிக்குச் செண்பகம் பாடநூற்சொல்லாகவும், வண்டு காலணியால் நசுக்கவேண்டிய பூச்சியாகவும் மட்டும் தெரிந்தால், அவள் கையில் கொடுக்கப்படும் தமிழ்க்கவிதை பொருளற்ற ஒலிக்கூட்டமாகிவிடும். மொழி தேய்கிறது என்று மேடைகளில் வருந்துவோர், அம்மொழி சுட்டிய பொருள்கள் கண்முன்னே தேய்வதை ஏன் கேட்கவில்லை?

எழுத்தாளர் கடன்

'இலக்கியம் தாவரவியல் நூலன்று. கவிஞனுக்குக் கற்பனை உரிமை உண்டு' என்று மறுப்பர் சிலர். கற்பனை உரிமையை யாரும் பறிக்கவில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கினார். அதனால் அவர் கவிதை குறைந்துவிட்டதா? கண்டவருக்குக் கற்பனை பெருகும். காணாதவரிடம் இருப்பது பிறர் கற்பனையின் எச்சமே. வண்டு என்னும் ஒரு சொல்லுக்குள் தேனீயையும் கவச வண்டையும் ஒன்றாகத் திணித்து, எல்லா மலரிலும் தேன் உண்டென்று எழுதுவது கற்பனை உரிமையன்று, சோம்பல்.

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் செய்யத்தக்கவை பல. சிறுவர் பாடல்களில் கூன்வண்டும் பொன்வண்டும் தம் உண்மைப் பெயரோடும் தொழிலோடும் வரலாம். செம்பனைத் தோட்டங்களில் மகரந்தம் தூவிய முதியோர் இருக்கும்போதே அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதலாம். தம் குடியிருப்பில் புகையடிக்கும் அறிவிப்பு ஒட்டப்படும்போது, 'எதற்காக? எந்த நோய்க்காக?' என்று நிருவாகக் குழுவைக் கேட்கலாம். தோட்டத்தின் ஒரு மூலையில் இலைக்குவியலை மக்கவிடுங்கள் என்று சொல்லலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா; பார்க்கும் கண்ணும் கேட்கும் துணிவும் போதும்.

மாலைப்பொழுதில் செண்பகம் மணக்கும்போது அம்மணம் சாலையில் செல்லும் மனிதருக்காக எழுவதன்று. அது 9.9 கோடி ஆண்டுப் பழைமையுடைய உறவொன்றின் அழைப்பு. அழைப்பைக் கேட்டு வருவோர் இல்லாத நகரத்திலும் பூ மணந்துகொண்டேயிருக்கும்; ஏனெனில் மணப்பதை நிறுத்த அதற்குத் தெரியாது. அத்தகைய நகரில் செண்பகத்தின் பழம்பெயர் முழுமையாகவே மெய்யாகிவிடும். வண்டுணா மலர் என்று அன்று பெயரிட்டவர்கள் பாதியேனும் பார்த்துப் பெயரிட்டனர். இன்றைய நகரம் வண்டையே இல்லாமற் செய்து அப்பெயரை மெய்யாக்குமானால், அதற்குச் சான்றாகக் கவிதைகளை எழுதிக் குவிக்கும் பணி தமிழ் எழுத்தாளருக்கு வேண்டா.